ஐஸ் சைட்டில் அண்ணன் போட்ட நடைபாதை

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அட்டையில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துத் தாம்பூலப் பைக்குள் வைத்துவிடுவது நம் வழக்கம். நானும் அப்படிச் செய்கிறவன்தான். இன்று ஒரு நாள் மட்டும், பந்தியில் உட்காருவதற்கு முன் இந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள் என்று உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது.

"வேலை தெரியாமல் கெடுத்துவிட்டார், துபாய்க் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது" என்று அண்ணனைப் பற்றி நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சிலர் அவர் முகத்துக்கு நேரே கேட்டீர்கள், சிலர் அவர் அந்தப் பக்கம் போன பிறகு பேசினீர்கள். "ஐஸ் மேஸ்திரி" என்று பட்டப்பெயரும் வைத்தோம். வைத்தோம் என்றுதான் நான் எழுத வேண்டும். அந்தப் பேச்சு சுத்தப் பொய். அதைப் பொய் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே இரண்டு மூன்று பேர்தான். அதில் நான் ஒருவன். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் அரியலூருக்குப் பக்கத்தில், செந்துறைச் சாலையில் உள்ள நம் ஊரில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நடுவில் இரண்டு அக்காமார். கடைக்குட்டி நான். எனக்கும் அவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். கல் சரிந்து இடுப்பில் விழுந்து அப்பா கட்டிலோடு கிடந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். முழுப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. பரீட்சை எழுதாமல் திருச்சிக்குப் போய் ஒரு கட்டட மேஸ்திரியிடம் சேர்ந்துவிட்டார். அப்புறம் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனது, என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத்தான். அக்காமார் இருவரின் கல்யாணமும், அப்பாவின் கடைசிக் காரியமும், என் ஐ.டி.ஐ. படிப்பும் அவர் கையால் நடந்தவை.

அண்ணன் பேச மாட்டார். எனக்கு வாயை மூடத் தெரியாது. ஒரே வயிற்றில் இப்படி இரண்டு பிள்ளைகளா என்று அம்மா அடிக்கடி சொல்வார்கள். முதலில் அண்ணன் போனது ரியாத்துக்கு. அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பத்தா கடைவீதிக்குப் போய், மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். நாங்கள் எல்லாரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்காருவோம். "நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருங்க. தம்பி படிக்கிறானா?" என்பார். அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க ரியாத்தில் வண்டி போகிற சத்தம்தான். அம்மா அதையும் கடைசிவரை கேட்பார்கள். "வெரசா வா தம்பின்னு யாரோ கூப்புடுறாங்க பாரு, அது நம்ம பேச்சு" என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போனாலும் தரையைப் பார்ப்பார். என் கல்யாணத்தன்று எல்லாரும் அட்சதையோடு நிற்கும்போது, இவர் மண்டபத்துப் படியில் குனிந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். "என்னண்ணே பண்றீங்க?" என்று மாலையோடு நான் கேட்டேன். "உள்ள பொத்தலா கெடக்குடா. ரெண்டு வருசத்துல பேந்துடும்" என்றார். சொன்னபடி இரண்டே வருடத்தில் அந்தப் படி பெயர்ந்தது. அவர் வேலை தெரியாதவராம்!

ரியாத்துக்குப் பிறகு சில வருடம் ஊரில் இருந்தார். அண்ணியைக் கைப்பிடித்ததும், மகளும் மகனும் பிறந்ததும் அப்போதுதான். பிறகு ஷார்ஜாவுக்குப் போய் ஒரு கான்கிரீட் கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக ஃபோர்மேன் ஆனார். ஃபோர்மேன் ஆன மறு வருடம் எனக்கும் அதே கம்பெனியில் மேஸ்திரி விசா எடுத்துக் கொடுத்தார். முவைலாவில் எங்கள் கேம்ப். ஒரே அறையில், எதிரெதிர்க் கட்டிலில் அண்ணனும் தம்பியுமாகப் படுத்தோம். டூட்டியில் மட்டும் அவரை அண்ணே என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். "அங்க எல்லாருக்கும் நான் ஃபோர்மேன், உனக்கும்தான்" என்பார். நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் துபாய்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் கிரேன்தான். அதில் ஒரு கடைவளாகத்தை ஒட்டி, பனி விளையாட்டுக்கூடம் ஒன்று கட்டினார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மைனஸில் குளிரூட்டி, செயற்கையாகப் பனி பொழிய வைத்து, அதில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். கேம்ப்பில் எல்லாரும் அதை ஐஸ் சைட் என்றே சொன்னோம். வாசலில் இருந்து அந்தப் பனி மேட்டைச் சுற்றி, கோயில் பிராகாரம் மாதிரி ஒரு கான்கிரீட் நடைபாதை போட வேண்டும். அந்த வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. அண்ணன்தான் ஃபோர்மேன்.

நடைபாதைக்கென்றே கனடாவில் இருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்திருந்தார்கள். அவர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். மலையாளி சூப்பர்வைசர் ஒருவர் தமிழும் மலையாளமும் கலந்து எங்களுக்குச் சொன்னார். "எங்க நாட்டுல பாதி வருஷம் பனி. தெரியாதவன் போட்ட நடைபாதை ஒரு குளிர்காலம் தாங்காது" என்று இன்ஜினியர் தொடங்கினார். கலவையிலேயே ஒரு மருந்து சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உள்ளே விட்டிருக்கிறார்களாம். கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரம் உறைந்தால் உப்பும். உப்புவதற்கு இடம் கொடுப்பவை அந்தக் குமிழிகள்தான். மேலே தண்ணீர் விட்டு இரும்புக் கரண்டியால் தேய்த்தால் மேல்பக்கத்தில் குமிழி செத்துவிடும், மேல்தோல் பலம் போய்விடும். உறைந்து, உருகி, மறுபடி உறையும்போது அந்தத் தோல் உரிந்துவிடும். அதனால் தண்ணீர் தெளிக்காதே, இரும்புக் கரண்டியைத் தொடாதே, மட்டப்பலகை போட்டு, துடைப்பத்தால் ஒரே இழுப்பாக இழுத்துக் கோடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடு என்றார்.

நாங்கள் சிரித்தோம். வளைகுடாவில் வேலை பார்த்த மேஸ்திரி கைக்கு முதலில் படிவதே தண்ணீர் தெளிப்பதுதான். அந்த வெயிலில் கான்கிரீட் போட்டுக் கண் மூடித் திறப்பதற்குள் மேலே காய்ந்து கரண்டி இழுபடும். பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி ஓர் உதறு உதறி, கரண்டியால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி மினுக்குவோம். யார் அதிகம் மினுக்குகிறானோ அவன்தான் கெட்டிக்காரன். அதைச் செய்யாதே என்றால்?

அண்ணன் சிரிக்கவில்லை. "அந்தத் தொடப்பக் கோடு எதுக்குன்னு கேளுங்க" என்றார். மேலே ஈரம் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகும், கோடு இருந்தால்தான் நடக்கிறவன் கால் வழுக்காது என்று பதில் வந்தது. அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்குக் கேம்ப்புக்குத் திரும்புகிற பஸ்ஸில், வழக்கத்துக்கு மாறாக அவராகவே பேசினார். "இத்தன வருசம் மினுக்குனது அந்தந்த எடத்துக்குச் சரிடா. இது வேற எடம். இங்க நடக்கிறவன் விழக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

நடைபாதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கான்கிரீட் போட வேண்டும். முதல் இரண்டு கட்டங்களையும் அவர் பக்கத்தில் நின்றே போட்டோம். மூன்றாவது கட்டம் வாசலை ஒட்டியது. பாதிக் கான்கிரீட் வந்து மீதி வரவேண்டிய நேரத்தில், அடுத்த மிக்ஸர் லாரி போக்குவரத்தில் மாட்டி ரொம்ப நேரம் கழித்து வந்தது. கலவை இறுகியிருக்குமோ என்று சோதிக்க அண்ணன் சைட் கேட்டுக்குப் போனார். "நீ பாத்துக்க. தண்ணி கையில தொடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த லாரியை அவர் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு லாரி வரவழைத்து, சோதித்து உள்ளே விடுவதற்குள் எங்கள் பக்கம் மேலே காய ஆரம்பித்துவிட்டது. குளிரூட்டும் இயந்திரம் அப்போது ஓடவில்லை. கூரைக்கடியில் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. மீதியைப் போட்டு மட்டப்பலகை வைத்தால், பலகை இழுபடுகிறது. மேலே சொரசொரவென்று பொரிந்து நிற்கிறது. அதைப் பார்க்க எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது.

பிரஷ்ஷை எடுத்தேன். தண்ணீரில் முக்கி உதறினேன். ஒரு வாளி தீர்ந்து இன்னொரு வாளியும் எடுத்தேன். இரும்புக் கரண்டியால் நன்றாகத் தேய்த்தேன். பிறகு, மற்ற இரண்டு கட்டங்களைப் போலவே தெரியட்டும் என்று மேலே துடைப்பத்தை இழுத்துவிட்டேன். பக்கத்தில் கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் பிடித்துக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர் அக்பர் பாய், "கலியா, பானி நஹீ, பானி நஹீ" என்று, தண்ணீர் வேண்டாமென இரண்டு தடவை தடுத்தார். "அச்சா அச்சா, பாய்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அண்ணன் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். கட்டம் அழகாக இருந்தது.

"தண்ணி தொட்டியாடா?"

"இல்லண்ணே."

அவர் என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் அவருக்கு. அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு நனைத்தோம். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் காயவிட்டோம். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு மைனஸுக்குக் கொண்டுபோனார்கள். ஏதோ குழாய்க் கோளாறு என்று நிறுத்தினார்கள், எல்லாம் உருகியது. மறுபடி ஓட்டினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். வாசல் கதவு திறந்து திறந்து மூட, அந்த மூன்றாவது கட்டம் மற்றவற்றைவிட அதிகமாக உறைந்து உருகியது. மூன்றாவது ஓட்டத்தில் அதன் மேல்தோல், பொரித்த அப்பளத்தைக் கையால் நொறுக்கியது போல் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. பக்கத்துக் கட்டங்களில் ஒரு கீறல் இல்லை.

எங்களை வரச் சொன்னார்கள். கம்பெனி கொடுத்த ஜாக்கெட் முழங்கால் வரை தொங்க, வாயில் புகை விட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைச் சுற்றி நின்றோம். கனடா இன்ஜினியர் ஒரு தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் விட்டு இரும்புக் கரண்டி போட்டிருக்கிறார்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சைட் மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. தண்ணீர் ஊற்றியது யார், இந்த வாரமே அவன் விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிந்தது என்று இந்தியில் கத்தினார்.

வாயை மூடத் தெரியாதவன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன் அல்லவா? அன்றைக்கு மூடிக்கொண்டு நின்றேன். ஊரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம், முகம் பார்த்ததில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லலாம். அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் அது காரணம் இல்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அண்ணன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை. கணக்கு விளங்கிவிட்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு முன்னால் வந்து, "மேரா ஆர்டர், சாப்" என்றார். என் உத்தரவு, ஐயா, என்று அர்த்தம். அக்பர் பாய் வாயைத் திறக்கப் போனார். அண்ணன் அவர் தோளில் கையை வைத்து நிறுத்திவிட்டார். அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்பர் பாய், எழுந்து போய் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்தக் கட்டத்தை உடைத்து, தானே மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். கனடாக்காரரும் சொல்லிப் பார்த்ததால் மேனேஜர் சம்மதித்தார். பக்கத்துக் கட்டங்கள் அதிரக் கூடாது என்று மெஷின் வைக்காமல், சுற்றிலும் அறுத்துவிட்டு, உளியும் சுத்தியலுமாக உடைத்தோம். நானும் கூட உடைத்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, நான் போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன்."

"இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பேரையும் அனுப்புவான். ஒருத்தனாச்சும் இருக்கணும்ல. உளியப் புடி."

"நீங்க எதுக்குண்ணே..."

"நான் ஃபோர்மேன்டா. தொட்டியான்னு கேட்டேன், இல்லன்ன. வாய் வார்த்தைய நம்புனேன், கைய வச்சுப் பாக்கல. வேற ஆளா இருந்தா கைய வச்சுப் பாத்திருப்பேன். தம்பின்னு விட்டேன். அது என் தப்பு."

அதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

புதிய கட்டத்தை அண்ணன் தன் கையால் போட்டார். யாரையும் தொடவிடவில்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கலவை வருகிற மாதிரி ஏற்பாடு செய்து, மட்டப்பலகை போட்டு, துடைப்பத்தை ஒரே இழுப்பாக இழுத்தார். விசா கேன்சல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்ட ஆள், சாக்கு நனைக்கக் காலையும் மாலையும் சைட்டுக்கு வந்தார். பிறகு இயந்திரம் ஓடுவதைப் பார்க்காமலே விமானம் ஏறினார். அக்பர் பாய் ஒருநாள் லீவு போட்டு, தெரிந்தவர் வண்டியில் அவரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வளைகுடாவில் ஃபோர்மேனாக இருந்தவருக்கு இங்கே ஒரு வீட்டுத் தரை வேலை கூட யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. "அங்கேயே சொதப்பி அனுப்பிட்டாங்களாமே" என்றால் யார் கொடுப்பார்கள்? இன்னொரு மேஸ்திரிக்குக் கீழே, பஞ்சாயத்து சிமெண்டு ரோட்டுக்குக் கூலியாளாகப் போனார். ஒரு புதுமனை புகுவிழாவில் அவர் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். "ஐஸ் மேஸ்திரிகிட்ட தரை வேலையக் குடுத்திருந்தா இந்நேரம் உருகி ஓடியிருக்கும்" என்று நம் மாமா ஒருவர் சொன்னார். பந்தியே சிரித்தது. விடுமுறையில் வந்திருந்த நானும் அந்த வரிசையில் இருந்தேன். நானும் சிரித்தேன். அண்ணன் எனக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அந்த மாமாவும் இன்று இந்த மலரை வாங்கியிருப்பார். மாமா, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் தெரியாமல் சிரித்தீர்கள். நான் தெரிந்தே சிரித்தேன்.

மூன்று வருடத்தில் அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. காலமெல்லாம் சிமெண்டுத் தூளை மூச்சில் வாங்கிய நெஞ்சு என்று டாக்டர்கள் சொன்னார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். செய்தி கேட்டு நான் அவசர விடுப்பில் வந்தபோது, மூச்சுக் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, "அண்ணே, எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடப் போறேன்" என்றேன்.

"எத?"

"அந்த மூணாவது கட்டத்த."

"அது நல்லா நிக்குதா? போய்ப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. நல்லா நிக்குது" என்றேன். அதுவும் பொய். அந்தக் கூடம் திறந்த நாளில் இருந்து நான் அந்தப் பக்கமே போனதில்லை.

"அப்பறம் என்னடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மறுநாள் அண்ணன் நம்மை விட்டுப் போனார். அண்ணி, பிள்ளைகள், அக்காமார் எல்லாரும் கூட இருந்தோம். கஷ்டப்படாமல் போனார்.

காரியம் முடிந்து ஷார்ஜா திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தக் கூடத்துக்குள் போனேன். வாசலில் ஒரு ஜாக்கெட்டும் பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நின்றேன். மூன்றாவது கட்டம் போட்டபடியே கிடந்தது. துடைப்பக் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு பிள்ளை கூட வழுக்கவில்லை. நான் மண்டிபோட்டுக் கையுறையைக் கழற்றி, அண்ணன் அன்றைக்குச் செய்யாமல் விட்டதைச் செய்தேன். கையை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டேன். நேப்பாளத்துக் காவலாளி ஓடி வந்து, "கிர் கயா க்யா, பாய்?" என்று கேட்டார். வழுக்கி விழுந்துவிட்டேனா என்று கேட்கிறார். "இல்லை பாய், இதில் யாரும் விழ மாட்டார்கள்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இந்த மலர் வேலை தொடங்கியபோது, இதையெல்லாம் அண்ணியிடம் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டினேன். அண்ணி அழவில்லை. இப்படிச் சொன்னார்கள்: "ஒருநாள் சண்டையில, வேலை தெரியாத ஆளக் கட்டிக்கிட்டு நான் படுறேன்னு, என் வாயாலயே அவர்கிட்ட சொன்னேன் தம்பி. அப்பக்கூட அவரு ஒரு வார்த்த சொல்லல. நான் சொன்னது சொன்னதுதானே. இனி யார்கிட்டப் போயி அத அள்ளுவேன்?"

அண்ணி, அந்த வார்த்தையும் என் கணக்கில்தான் சேரும், உங்கள் கணக்கில் இல்லை என்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அண்ணனைத் தன் வீட்டு ஆள் மாதிரி பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், ராத்திரி பகல் பாராமல் கூட இருந்த அக்கா வீட்டாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற தெருக்காரர்களுக்கும், முவைலா அறையில் படம் வைத்து விளக்கேற்றிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அக்பர் பாய்க்குத் தமிழ் தெரியாது. இதை நானே அவருக்குப் படித்துச் சொல்வேன். அதுவரை அவர் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நான் முதலில் எழுதிக் கொண்டுபோனது இப்படி இல்லை. "எங்கள் குழுவில் ஒருவர் செய்த தவறுக்கு அண்ணன் பொறுப்பேற்றுக்கொண்டார்" என்று எழுதியிருந்தேன். அண்ணியிடம் வாயால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும், அச்சில் வரப்போகிறதே என்று கை கூசியது. அண்ணி அந்த இடத்தில் விரலை வைத்தார்கள்.

"யாரு அந்த ஒருவர்? அவருக்குப் பேரு இல்லையா? உங்க அண்ணனக் கேலி பேசுனப்ப எல்லாரும் அவரு பேரச் சொல்லித்தான் பேசுனாங்க. பேரப் போடுங்க தம்பி. இல்லேன்னா இந்த மலரே வேணாம்" என்றார்கள்.

போட்டுவிட்டேன், அண்ணி.

மூன்றாவது கட்டத்தில் தண்ணீர் தெளித்தவனும், கேட்டபோது இல்லை என்றவனும்,
அண்ணனின் தம்பி
கலியமூர்த்தி